சம்மதமும் அறிதலும்

ஒருவர் ஒரு செயலைச் செய்ய உடன்பட்டார் என்பதனால், அச்செயல் எதற்குப் பயன்படுத்தப்படுகின்றதோ அதற்கும் அவர் உடன்பட்டவராவாரா? இவ்வினா இன்று ஒளிப்படத் தொழிலின் ஒரு மூலையிற் கூர்மை பெற்று நிற்கின்றது. பேசக் கூசும் விடயமெனச் சிலர் இதனை ஒதுக்கக்கூடும். ஆயினும், கூச்சங் காரணமாகப் பேசாது விடப்படும் இடங்களிலேயே ஏமாற்று இலகுவாக நடைபெறுகின்றது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

பாதம், கூந்தல், காலணி, கையுறை போன்ற ஓர் உறுப்பிலோ பொருளிலோ மட்டும் நிலைகொள்ளும் காமத்தை ‘ஃபெட்டிஷ்’ என்னும் சொல்லாற் குறித்து, 1887இல் ஆராய்ந்தார் பிரெஞ்சு உளவியலாளர் அல்பிரட் பினே. இத்தகைய விருப்பமுடையோருக்கெனக் காணொளிகள் எடுத்து விற்கும் வணிகம் இணையத்தின் வருகையோடு பரவியுள்ளது. இவற்றுட் சிலவற்றில் நடிப்பவர் ஆடை களைவதுமில்லை. காலணி அணிந்து நடப்பார், அல்லது தலை வாருவார், அவ்வளவே. சிக்கல் இங்கேதான் எழுகின்றது. ‘விளம்பரத்துக்கான படம்’ என்று கூறி ஒரு பெண்ணை அழைத்து நடக்கவிட்டுப் படம் பிடித்தால், அவள் உடன்பட்டதற்கு மேலாக எதுவும் செய்விக்கப்படவில்லை. எனினும் அவளுக்குத் தீங்கிழைக்கப்பட்டதென்றே நம் உள்ளம் கூறுகின்றது. அது ஏன்?

இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூல் இதற்கு விடை தருகின்றது. மனிதரை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்பது அவர் கொள்கை. பொய் வாக்குறுதியை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். ஏமாற்றப்படுபவர் ஏமாற்றுபவரின் நோக்கத்தை அறியார். அறியாத நோக்கத்தில் அவர் பங்குகொள்ளவும் முடியாது. ஆகவே, செயலுக்குக் கிடைத்த சம்மதம் நோக்கத்துக்குக் கிடைத்த சம்மதமாகாது. செயல் எவ்வளவு சாதாரணமாகத் தோன்றுகின்றதோ, நோக்கத்தை எடுத்துரைக்கும் கடமை அவ்வளவுக்குக் கூடுகின்றது. ஏனெனில், சொன்னாலன்றி அவர் அதனை ஊகித்தறிய வழியில்லை.

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மொடல் வேலை என்ற விளம்பரத்தால் இளம்பெண்கள் ஈர்க்கப்பட்டுப் பாலியற் படங்களில் நடிக்க வைக்கப்பட்டனர். படங்கள் இணையத்தில் வெளிவரா, தொலைநாட்டில் மட்டுமே விற்கப்படும் என அவர்களுக்கு உறுதி கூறப்பட்டது. அவ்வாறே முன்னர் நடித்தவர்களெனப் பொய்ச்சாட்சி கூறவும் சில பெண்கள் பணம் கொடுத்து அமர்த்தப்பட்டனர். ஒப்பந்தப் பத்திரம் படிக்க அவகாசமின்றி நீட்டப்பட்டது. படங்களோ இணையத்திலேயே வெளியாயின. வழக்குத் தொடுத்த 22 பெண்களுக்கு ஏறத்தாழ 1.3 கோடி டொலர் இழப்பீடு வழங்குமாறு 2020 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படங்களின் உரிமையும் அவர்களுக்கே வழங்கப்பட்டது. அவர்கள் அனைவரும் கையொப்பமிட்டிருந்தனர் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

போற்றப்படும் கலையும் இக்குற்றத்துக்கு விலக்கன்று. 1972இல் வெளியான ‘லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்’ திரைப்படத்தின் வன்புணர்வுக் காட்சியில் ஒரு விவரம், 19 வயதான மரியா ஷ்னைடருக்கு வேண்டுமென்றே முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. அவரது நடிப்பையன்றி உண்மையான அவமானத்தையே தான் விரும்பியதாக இயக்குநர் பெர்ட்டொலூச்சி 2013இல் ஒப்புக்கொண்டார். நெருக்கமான காட்சிகளில் நடிகரின் எல்லைகளைக் காக்கத் தனியாக ஓர் இணைப்பாளரை அமர்த்தும் வழக்கத்தை எச்.பி.ஓ. தொலைக்காட்சி 2018இலேயே மேற்கொண்டது.

வறுமையால் வருபவரின் சம்மதம் சம்மதமே அன்று என்பர் ஒரு சாரார். பினேக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, ‘மூலதனம்’ முதற்பாகத்தில் (1867), கார்ல் மார்க்ஸ் இதே சொல்லை வேறொரு பொருளிற் கையாண்டார். பண்டத்தை நோக்கும் கண்ணுக்கு அதன் பின்னுள்ள மனித உறவுகள் புலப்படா என்பது அவர் கருத்து. பாதத்தை மட்டும் காட்டும் படத்துக்கு இது இரு பொருளிலும் பொருந்தும். எனினும், தேவை ஒருவரின் தெரிவைச் சுருக்குகின்றது என்பதனால் உண்மையைச் சொல்லும் கடமை குறைந்துவிடாது, கூடவே செய்யும்.

ஆள் சேர்ப்பதன் அறம் எமது ஊருக்குப் புதியதன்று. சாகாமத்து வயல்களில் இயந்திரம் வருவதற்கு முன்னர், வேளாண்மை வெட்டுக்கு ஆள் தேடும் முல்லைக்காரர் முதல் நாளே வந்து, யாருடைய வயல், எத்தனை நாள், கூலி நெல்லா காசா, சாப்பாடு யார் பொறுப்பு என்பவற்றைச் சொல்லிச் செல்வாராம். சொல்லாத வேலையைக் களவெட்டியில் வைத்துச் சுமத்தினால் அடுத்த போகத்துக்கு ஆள் வராது என்பார் என் அம்மம்மா. ஆனால், வெட்டிய கதிரோடு அவ்வேலை முடிந்துவிடும். எடுத்த படமோ முடிவதில்லை. ஆதலின் இங்கு சொல்ல வேண்டியவை இன்னும் பல. யார் பார்ப்பர், எதற்காகப் பார்ப்பர், எங்கு விற்கப்படும், முகம் தெரியுமா என்பவை முன்னரே கூறப்படல் வேண்டும். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று படிக்க அவகாசம் வேண்டும். வயது உறுதிப்படுத்தப்படல் வேண்டும். இடையில் வேண்டாமென்றால் நிறுத்தப்படவும், செய்த வேலைக்குக் கூலி குறையாதிருக்கவும் வேண்டும்.

இத்தொழிலே தீது, அதனுள் மரியாதை எதற்கு என வினவுவோர் உளர். எமது நாட்டில் 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இத்தகைய வணிகத்தைக் குற்றமெனவே கொள்கின்றது. ஆனால், ஏமாற்றிப் படம் பிடிக்கப்பட்டவள் பொலிஸ் நிலையப் படியேறத் தயங்குவது, குற்றவாளியும் தானும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவோம் என்னும் அச்சத்தினாலேயே. தொழிலைப் பற்றிய நம் தீர்ப்பு எதுவாயினும், அதனுள் நிற்கும் மனிதருக்கு உண்மை சொல்லப்படல் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. அறியாமல் அளிக்கப்படும் சம்மதம் அளிக்கப்பட்டதன்று, எடுக்கப்பட்டதே.