துப்பறியும் முதியோர்

பகலெல்லாம் உழைத்தவன் இரவில் ஒரு மர்ம நாவலைக் கையிலெடுத்துத் தன் கவலைகளை மறந்திருப்பது குற்றமா? குற்றமே என்பர் அறிவுரை கூறும் அன்பர் பலர். படிப்பதாயின் அறிவு வளரப் படிக்க வேண்டும். சமூகம் திருந்தப் படிக்க வேண்டும். கொலையையும் களவையும் படிப்பது வீண் என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் இன்று தோன்றியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மர்ம நாவல்களை எழுதிக் குவித்தபோதே இக்கண்டனமும் உடன் எழுந்தது.

கண்டிப்போரின் நோக்கம் நல்லதே. நம் மக்களுக்குப் படிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. அதுவும் வீணாகலாகாது என்று அவர்கள் அஞ்சுகின்றனர். ஆயினும் துன்பத்தை மறத்தல் வேறு. கடமையை மறத்தல் வேறு. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1939-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஆற்றிய சொற்பொழிவொன்றில் இவ்வேறுபாட்டை விளக்கினார். சிறைப்பட்டவன் வெளியேற விரும்புவதையும், போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒரே பெயரால் இகழ்வது முறையன்று என்பது அவர் கருத்து. செக்ரோலில் பெயர்களையும் எடைக் கணக்கையும் எழுதி எழுதிக் கண் சோர்ந்த கிராணி, இரவில் ஒரு மணி நேரம் லண்டன் மாநகரத்து மூடுபனியில் உலவி வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மறுநாட் காலையில் பெரட்டுக்கு அவன் வரத் தவறுவதில்லை. அவன் ஓடிப்போனவனல்லன், இளைப்பாறியவன்.

நிற்க, மர்ம நாவல்களுள் ஒரு வகையைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகிறேன். அவை முதியோரைத் தலைமை மாந்தராகக் கொண்டவை. வீரமென்றால் இளமை, வெற்றியென்றால் வலிய தோள் என்பது கதையுலகின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தை உடைத்தவருள் ஒருவர் அகதா கிறிஸ்டி அம்மையார். 1930-இல் வெளிவந்த அவருடைய நாவலொன்றில் தோன்றும் மிஸ் மார்ப்பிள், ஒரு சிற்றூரில் வாழும் மணமாகாத மூதாட்டி. பின்னல் வேலையும் பூந்தோட்டமுமே அவர் தொழில். பதவியில்லை, ஆயுதமில்லை. கிழவிதானே என்று எண்ணி எவரும் அவரைப் பொருட்படுத்துவதில்லை. அதுவே அவருக்குப் பலமாகிறது. தம் ஊரில் நெடுங்காலம் கண்ட சிறு பொய், சிறு பேராசை, சிறு வஞ்சம் ஆகியவற்றோடு ஒப்பிட்டே அவர் பெருங்குற்றவாளியை அடையாளம் காண்கிறார்.

1974-இல் ஜான் லெ காரே எழுதிய நாவலில் வரும் ஜார்ஜ் ஸ்மைலியோ, குட்டையான, பருத்த உடலும் மூக்குக் கண்ணாடியும் உடையவர், வேலையினின்று விலக்கப்பட்டவர். உளவுத்துறைக்குள் ஒளிந்திருக்கும் துரோகியைக் கண்டுபிடிக்க அவரையே மீண்டும் அழைக்கிறார்கள். அவர் துப்பாக்கியைத் தேடவில்லை. ஒரு விடுதியறையில் இரவெல்லாம் விழித்திருந்து பழைய கோப்புகளைப் படிக்கிறார். தம்மைப் போலவே வெளியேற்றப்பட்ட கானி சாக்ஸ் என்னும் அம்மையாரை நாடிச் சென்று, அவருடைய நினைவாற்றலைத் துணைக் கொள்கிறார். ஏடும் எழுதுகோலுமாய்க் காலங்கழிக்கும் என்போன்றார்க்கு இதைவிட இனிய வீரக்கதை வேறு உண்டோ! 2020-இல் ரிச்சர்ட் ஆஸ்மன் எழுதிய நாவலிலோ, முதியோர் குடியிருப்பொன்றில் வாழும் நால்வர் கொலைகளைத் துப்பறிகின்றனர். அவருள் ஒருவர் பழைய தொழிற்சங்கவாதி. ஒருவர் தாதியாய் இருந்தவர்.

இக்கதைகள் நமக்கு ஏன் இனிக்கின்றன? ஒருநாள் நாமும் பயனற்றவரென்று ஒதுக்கப்படுவோமோ என்னும் அச்சம் எல்லார் உள்ளத்திலும் உண்டு. வாழ்ந்த ஆண்டுகள் வீண்போகவில்லை, அவை அறிவாய்த் திரண்டு நிற்கின்றன என்று இக்கதைகள் ஆறுதல் கூறுகின்றன. இவ்வாறுதல் பொய்யன்று. ஆனால் ஒன்று பொய். கதையில் முதியவரைத் தேடி எப்போதும் யாரேனும் வருகிறார். வாழ்க்கையில் பெரும்பாலும் எவரும் வருவதில்லை.

நம் தோட்டங்களையே பாருங்கள். வாழ்நாளெல்லாம் பால்வெட்டிய தொழிலாளி, வேலை ஓய்ந்தவுடன் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய நேர்ந்த கதைகள் எத்தனை! தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எந்தத் தோட்டம் யார் கைக்கு மாறிற்று, எந்தக் குடும்பம் எங்கே சென்றது என்பதையெல்லாம் அறிந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். எந்தக் கோப்பிலும் இல்லாத செய்திகள் அவர்கள் நெஞ்சில் உள்ளன. அவர்களும் கானி சாக்ஸ்களே. அவர்கள் வாய் திறந்தால், "பழங்கதையா?" என்று நாம் எழுந்து போகிறோம், போய், மிஸ் மார்ப்பிளை அலட்சியம் செய்த மூடரைப் பற்றிப் படித்துச் சிரிக்கிறோம்!

அப்படியாயின் நாவலிலிருந்து நீதியைக் கறந்தே தீரவேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டுவதில்லை. இன்பம் இன்பமாகவே இருக்கட்டும்; பயன் கருதாத படிப்பும் மனிதனுக்கு உரிமையே. ஆயினும் காகிதத்து முதியவருக்கு இரக்கத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, லயத்துத் திண்ணையில் இருக்கும் முதியவரிடம் வெறுங்கையோடு செல்வோமாயின், அப்போதுதான் நம் படிப்பு களத்தைவிட்டு ஓடுவதாகும். குற்றம் நாவலிலில்லை, அதை மூடிவைத்த பிறகு நாம் யாரைப் பார்க்க மறுக்கிறோம் என்பதிலேயே இருக்கிறது.

ஆதலின் அன்பர்களே, மர்ம நாவல்களை மகிழ்ச்சியோடு படியுங்கள். எவர் பழிப்புக்கும் அஞ்ச வேண்டாம். படித்து முடித்ததும், அண்டை வீட்டுப் பெரியவரிடம் சென்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை முடியும்வரை எழுந்து போகாதீர்கள்.