குழவிகள் கண்டு கற்றல்

மகவு பேசத் தொடங்குமுன்னரே கற்கத் தொடங்கிவிடுகின்றது. அன்னை கைகூப்பின் தானுங் கைகூப்பும். பாட்டி வெற்றிலை இடிப்பின் வெறுங்கையால் தரையை இடிக்கும். இவற்றை அதற்கு உபதேசித்தார் எவருமிலர்.

இஃது ஏனை விலங்குகட்கும் பொதுவன்றோவெனின், முழுதும் அன்று. 2005-ஆம் ஆண்டில் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ ஒயிட்டன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்ட சோதனையொன்று ஈண்டுக் கருதத்தக்கது. பரிசுப்பொருள் வைத்த பெட்டியைத் திறந்து காட்டுவார், முதற்கண் மேற்றுளையிற் கோலைச் செலுத்திக் குத்துவர்; அதனாற் பயன் யாதுமில்லை. பின்னரே முன்றுளைவழிப் பொருளை எடுப்பர். உள்ளே தெரியாத பெட்டியாயின் சிம்பன்சிக் குரங்குகளும் அனைத்தையும் அவ்வாறே செய்தன. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியைக் கொடுத்தபோதோ, அவை வீண்செயலை விடுத்துப் பொருளை மட்டும் எடுத்தன. மூன்று நான்கு வயதுக் குழவிகளோ, வீணென்பது கண்ணுக்குத் தெரிந்தும், கண்டவாறே செய்தன.

இதுகொண்டு குரங்கே அறிவின் மிக்கதென்பாரும் உளராவர். அது பொருந்தாது. குரங்கு பொருளை நோக்கிற்று. குழவி ஆளை நோக்கிற்று. பெரியோர் செய்வது பயனின்றியிராது என்னும் நம்பிக்கையே அதன் கல்விக்கு முதல். மரம் என்னும் இடுகுறிப்பெயர்க்குக் காரணம் அறிந்த பின்னரே அதனைச் சொல்வேன் என்று ஒரு குழவி இருக்குமாயின், அஃது ஊமையாகவே ஒழியும்.

இனி, நல்லது புகும் அவ்வாயிலே தீயதற்கும் வாயிலாம். 1961-இல் ஆல்பர்ட் பாண்டுரா என்பாரும் உடனிருந்தாரும் 72 சிறாரைக் கொண்டு அமெரிக்காவில் ஆராய்ந்தனர். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்து வைவதைக் கண்ட சிறார் பலர், பின்னர் அவ்வடியையும் அவ்வசைச்சொல்லையும் அப்படியே செய்துகாட்டினர்.

அற்றேல், அக்குற்றம் யாருடையது? கடன்கொடுத்தவன் வாயிலில் நிற்க, உள்ளிருந்தே தான் ஊரிலில்லையெனச் சொல்லியனுப்பும் தந்தை, மறுநாள் வெல்லந் தின்ற மகன் தின்றிலேன் என்னுங்கால் பிரம்பை எடுக்கின்றான். அவன் அடிப்பது தன் பாடத்தையே!

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத் துணிபு. அதற்குப் படிகத்தை உவமை கூறுவர். அங்ஙனமாயின் எவர்க்குங் குற்றமில்லையாமே எனின், அன்று. படிகம் அறியாது சார்வது. உயிரோ அறிந்து சார்தற்குரியது. விவேகம் தோன்றிய பின் சார்ந்ததைத் தானே விடவல்லது. அது தோன்றுங்காறும், குழவி தான் சாரும் இடத்தைத் தெரிந்துகொண்டதன்று. பிறர் வைத்த இடத்தில் இருப்பது. ஆகலின் அதுவரை அக்குற்றம் வைத்தாரையே சாரும். வாளா இருந்தேம், யாதுங் கற்பித்திலேம் என்பது அவர்க்கு விடையாகாது.

சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரத்தில் வேடரிடை வளர்ந்த மன்னன் மகன் சொல்லப்படுகின்றான். மன்னன் வந்து, நீ என் மகன் எனப் பிரிக்குமளவும் அவன் தன்னை அறிந்திலன். வேடர் அவனுக்கு ஏதும் கற்பித்தனரென அச்செய்யுளிற் சொல்லில்லை. அவரிடத்தே தங்கினான், வளர்ந்தான், அவ்வளவே.