யாருக்குச் சேஷன்?

ஆழ்வார் திருவவதரித்த திருநகரியும் சாத்தான்குளமும் ஒரே தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளவை. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் 2020 ஜூன் 19 அன்று பிடித்துவைக்கப்பட்ட தந்தையும் மகனும் சில நாள்களில் மாண்டனர். இரவெல்லாம் அவர்கள் அடிக்கப்பட்டதாக அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் நீதித்துறை நடுவரிடம் சாட்சி சொன்னார்.

அங்கிருந்தோர் அரக்கர் அல்லர். நம்மைப்போல் மாதச் சம்பளம் பெறுவோர். ‘உத்தரவு மேலிடத்தது, கை மட்டுமே என்னது’ என்று எண்ணிவிட்டால், பாபம் பிறர் கணக்கில் பற்றாகும் என்று மனம் தேறிவிடுகிறது.

கும்பகர்ணன் தமையனை இடித்துரைத்தான். பின் அவனுக்காகவே போர் புரிந்தான். விபீஷணாழ்வான் இலங்கையை விட்டு நீங்கினான். இருவரும் அறிந்த தர்மம் ஒன்றே. தம்மை யாருடைய உடைமையாகக் கருதினர் என்பதிலேயே வேறுபட்டனர்.

அடிமைத்தனமே ஜீவனுக்கு ஸ்வரூபம் என்பது நம் ஸம்ப்ரதாயம். ஆகவே நமக்கே எச்சரிக்கை அதிகம் வேண்டும்; பணிந்து பழகிய மனம் யார் ஏவினும் பணியும். நாமோ எம்பெருமான் ஒருவனுக்கே சேஷபூதர். சரணாகதியின் முதல் அங்கமான ஆநுகூல்ய ஸங்கல்பத்தை, எல்லா உயிர்க்கும் அநுகூலமாயிருத்தல் என்று லக்ஷ்மீதந்த்ரம் விரிக்கும். அவன் உடைமையான உயிரைப் பிறர் ஏவலால் வருத்துமவன் அந்த ஸங்கல்பத்தையே கைவிடுகிறான்.

அந்தப் பெண் காவலரும் அஞ்சினார். அஞ்சியபடியே உண்மையைச் சொன்னார். நமக்கும் அவ்வளவு போதும்.

அடியேன் ராமாநுஜதாஸன்.