‘கவலைப்படாதே’ என்று சொல்பவர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் சிதறாலைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் விடிவதற்கு முன்பே ரப்பர் பால் வெட்டு தொடங்கிவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகப் போய்ப் பட்டையைக் கீறிவிட்டு வருகிற தொழிலாளி முதலில் பார்ப்பது வானத்தை. மழை பெய்தால் பட்டை நனையும், பால் சிரட்டைக்கு வராமல் வழிந்து போகும், அன்றைய கூலி இல்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தை, மாசியில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த வாரங்களிலும் மளிகைப் பற்று ஏறிக்கொண்டுதான் இருக்கும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் சொந்தமாக வைத்திருப்பவர் நிலையும் பெரிதாக வேறில்லை. 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் ஷீட் 2016-இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. விலை உச்சத்தில் இருந்தபோது நம்பி வாங்கிய வீட்டுக் கடன் மட்டும் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஆகவே ஞாயிறுதோறும் இங்கே பல ஆயிரம் கடன்காரர்கள் ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று இயேசு சொன்ன பகுதி வாசிக்கப்படுகிறது. திங்கட்கிழமை காலையில் குழு லோன் தவணை கட்ட வேண்டிய ஒரு தாய் அதைக் கேட்கிறாள். அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்வது அறமா?

கவலைப்படுவதே விசுவாசக் குறைவு என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அப்படியானால் பணம் குறைந்தவர்கள்தாம் விசுவாசமும் குறைந்தவர்கள் என்றாகிறது. வங்கியில் வைப்பு வைத்திருப்பவருக்கு நிம்மதியும், அதனால் புண்ணியமும், எளிதில் கிடைத்துவிடுகின்றன. இந்த முடிவு அநியாயமானது. முடிவு அநியாயம் என்றால் வாசித்த விதத்தில் எங்கோ பிழை இருக்கிறது. லூக்கா அந்தப் போதனையை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தால் பிழை தெரியும். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டு அன்றிரவே இறந்துபோகும் செல்வந்தனின் உவமைக்கு அடுத்து அது வருகிறது. அதைச் சொன்னவரோ தலைசாய்க்கச் சொந்த இடம் இல்லாதவர். கேட்டவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டவர். வெறுங்கையோடு இருந்தவர் வெறுங்கையோடு இருந்தவர்களிடம் சொன்ன சொல்லைப் பை நிறைந்தவர் எடுத்துச் சொல்லும்போது, சொல் அதுவாகவே இருந்தாலும் பொருள் மாறிவிடுகிறது.

பணக்கவலைக்குச் சிதறால் கண்ட பழைய விடை துறவு. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்குள்ள பாறைமேல், அன்று திருச்சாரணத்துமலை என்று பெயர் பெற்ற இடத்தில், சமணத் துறவிகள் வாழ்ந்தார்கள். உடைமை இல்லாதவருக்கு உடைமையைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் துறவிக்கும் பசி உண்டு. கீழே இல்லறத்தார் உலை வைத்ததால்தான் மேலே தவம் நடந்தது. ஒருவருடைய கவலையின்மையை இன்னொருவருடைய அரிசி தாங்கியிருக்கிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு துறவு போக முடியாத குடும்பத்தைத் தாங்குவது யாருடைய அரிசி என்பதுதான் கேள்வி.

மார்த்தாண்டத்துக்கு ஒரு பக்கம் சிதறால் என்றால் மறுபக்கம் நட்டாலம். 1712-இல் அங்கே பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். குடும்பத்தில் கால்நடைச் சாவும் பொருள் இழப்பும் அடுத்தடுத்து வந்து அவர் மனம் உடைந்திருந்த காலத்தில், டி லனாய் அவருக்கு எல்லாவற்றையும் இழந்த விவிலிய மனிதர் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. டி லனாயும் இழந்தவர்தான். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர். கைதியாக வந்தவர், நொடிந்துபோனவருக்கு ஆறுதல் சொன்னார். போன மாடுகள் திரும்பி வரும் என்று அவர் வாக்குக் கொடுத்ததாக யாரும் சொல்வதில்லை. 1745-இல் நீலகண்ட பிள்ளை வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்குப் பிறகு அவருக்குப் பணம் பெருகவில்லை. பதவி போயிற்று, 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் உயிரும் போயிற்று. 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இந்த மண்ணின் புனிதர் வாழ்க்கை இப்படி இருக்க, விசுவாசித்தால் கடன் அடையும், காணிக்கை போட்டால் இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்று மேடைகளில் பிரசங்கிப்பது எந்த யோபுவை வாசித்து வந்தது? யோபுவின் நண்பர்கள் செய்த தவறும் இதுதான். துன்பம் வந்திருக்கிறது, ஆகவே நீ ஏதோ தவறியிருக்கிறாய் என்றார்கள். கதையின் முடிவில் கடவுளின் கோபம் யோபுமேல் அல்ல, அந்த நண்பர்கள்மேல்தான் விழுகிறது. ஜெபக் கூட்டங்களில் சாட்சி சொல்லும் நேரம் பணம் வந்தவர்களுக்கு உரியதாகிவிட்டது. ஜெபித்தும் பணம் வராதவர் எழுந்து நின்று பேச அங்கே இடமில்லை. அவர் வெட்கப்பட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கடனை மறைத்துக்கொண்டு வருகிறார். கவலையின் சுமையில் பாதி அந்த மறைப்புதான்.

கணக்குப் பார்ப்பது விசுவாசத்துக்கு எதிரானதும் அல்ல. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்க்க மாட்டானா என்று கேட்டவரும் அதே இயேசுதான். கணக்கு ஒரு நோட்டில் முடிந்துவிடும். கவலைக்கு அந்த நோட்டு கிடையாது, அதே தொகையை இரவு முழுதும் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருக்கும். 2003-இலேயே கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. முழங்காலில் நின்று ஜெபித்தவர் எழுந்து போய் அந்தச் சட்டத்தின்படி புகார் கொடுத்தால், அது ஜெபத்தின் தொடர்ச்சிதான்.

இதை முன்பே புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலரான சேலத்துக் கே. டி. பால், கிராமங்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஊழியமாகவே நினைத்து வளர்த்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் அதே ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாச் கோழி வளர்ப்பையும் தேனீ வளர்ப்பையும் கற்றுக்கொடுத்தார். ரப்பர் தளிர்க்கும் மாதங்களில் பால் வெட்டு நிற்கிறது; அதே தளிரின் காம்பில் தேன் சுரக்கிறது. தோட்டத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு அந்த வறண்ட வாரங்களில் கையில் கொஞ்சம் காசு நிற்கும். கேரளத்தில் சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் அடிகள் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டுக்காகப் பிடியரிசியை ஏற்பாடு செய்தார்: உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பது. நாளைக்கு என்ன செய்வோம் என்று பயப்படுகிற கைதான் அந்தப் பிடியையும் எடுக்கிறது. பயத்தை இந்த அளவுக்கு நேராகச் சந்திக்கும் வேறு செயல் இருக்குமா என்று தெரியவில்லை.

கவலையை உண்டாக்கும் வழக்கங்களைப் பற்றியும் பேச வேண்டும். இந்த மாவட்டத்தில் சீதனம் பேசாத கல்யாணம் அபூர்வம். 1961-இன் வரதட்சணைத் தடைச் சட்டம் இங்கே இன்னும் வீட்டுக்குள் வந்து சேரவில்லை. பெண்ணின் தகப்பனைப் பத்து வருடக் கடனில் தள்ளும் திருமணத்தை ஆசீர்வதித்துவிட்டு, அடுத்த மாதம் அவருடைய கவலைக்காக ஜெபிப்பது முரண். சபை இதைத் தடுக்க முடியும், தடுக்கவில்லை.

சீர்திருத்த சபைகளின் தமிழ் வேதாகமத்தில் மத்தேயு தரும் கர்த்தருடைய ஜெபத்தில் பாவத்துக்கு நிற்கும் தமிழ்ச் சொல் ‘கடன்’. அப்பம் கேட்பதும் ஒரு நாளைக்குத்தான், அதுவும் ‘எனக்கு’ என்றல்ல, ‘எங்களுக்கு’ என்று. வட்டிக்குக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே பெஞ்சில் நின்று ஒரே குரலில் இதைச் சொல்கிறார்கள். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது, ‘கவலைப்படாதீங்க, கர்த்தர் பாத்துக்குவாரு’ என்று கையைப் பிடித்துச் சொல்பவர்கள் பலர். கடன்பட்டவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், ‘இன்னும் எவ்வளவு அடைக்கணும்?’ என்று கேட்கிறவர்தான் வேண்டும்.