மூன்றாவது புடவை

மாதச் சம்பளக்காரருக்கு வரவு நிலையானது, செலவுதான் ஏறி இறங்கும். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள நெசவாளர் வீடுகளில் கணக்கு தலைகீழ். வாடகை, பள்ளி வேன், குழுக் கடன் எல்லாம் தேதி தவறாமல் வாசலுக்கு வந்துவிடும். கூலி மட்டும் புடவையை நெய்து, தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தால்தான் வரும்.

அங்கே தறி நெய்யும் என் அத்தை மாதக் கணக்குப் போடுவதில்லை, பாவுக் கணக்குத்தான். பாவு என்பது தறியில் ஏற்றும் நீள இழை. ஒரு பாவுக்கு மூன்று புடவை, அது ஏறக்குறைய ஒரு மாத வேலை. ஒரு புடவைக்குக் கூலி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோர்வைக்கு, அதாவது கரையையும் உடலையும் தனித்தனி இழையில் இணைத்து நெய்வதற்கு, தறியில் கூட உட்காரும் ஆளுக்கு 1,200 போனால் கையில் 4,800. நெய்தாலும் நெய்யாவிட்டாலும் கட்டியாக வேண்டியது மாதம் 9,600. அதாவது முதல் இரண்டு புடவையும் வீட்டுக்காரருக்கும் பள்ளிக்கும் கடன்காரருக்கும். காய்கறி, மளிகை, மருந்து எல்லாம் மூன்றாவது புடவையில்தான்.

ஐப்பசி அடைமழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். கால் வைத்து மிதிக்க முடியாது, பாவும் ஈரம் கோத்து இழை அறும். ஒரு வாரம் தறி நின்றால் போவது அந்த மூன்றாவது புடவை. உடனே வீட்டில் குறைப்பது பாலையும் பழத்தையும். கைக்கு எட்டுவது அதுதான் என்பதால் குறைக்கிறோம். பாரம் இருப்பது தேதி தவறாத செலவில். ரேஷன் அரிசி விலையில்லாமல் வருகிறது, கைத்தறிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரமும் இலவசம். அந்த இரண்டும் தறி நின்றாலும் நிற்காத செலவில் கை வைப்பதால்தான் உண்மையான உதவி.

 

அப்படி நிற்காத செலவுகளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கடன்தான். அந்த 9,600-ல் குழுக் கடன் 2,400 என்று கொள்ளுங்கள். அதையே புடவைக்கு 800 என்று பிடித்தால் மூன்று புடவை நெய்த மாதத்தில் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. இரண்டே நெய்த மாதத்தில், ஒன்றும் மிஞ்சாத வீட்டில் 800 ரூபாய் மிஞ்சும். தறி முதலாளி தரும் முன்பணத்தைக் கூலியில் கழிக்கும்போது அந்த நெகிழ்வு உண்டு. ஆனால் முன்பணம் தீரும்வரை வேறு இடத்தில் பாவு வாங்க முடியாது. அது பெரிய விலை.

கூட்டுறவுச் சங்க நெசவாளர்களின் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா பிடிக்கிறார்கள். கூலி வராத மாதம் பிடிப்பும் இல்லை. சேமிப்புக்கு இந்த முறை நடக்கும்போது கடன் தவணைக்கும் நடக்கும். யார் எத்தனை புடவை அறுத்தார் என்ற பதிவு சங்கத்தின் ஏட்டிலேயே இருக்கிறது.