பெரிய கல்லூரி எது?



கார் அறுப்பு முடிந்த கையோடு, ஒரு மாலை வேளை, ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் நிலப் பத்திரம். "சாமி, மவ எம்.பி.ஏ. படிக்கணும்னு நிக்கா. மூணு நாலு காலேஜ் பேரு சொல்லுதா. எது பெருசுன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னா, இந்த ரெண்டு ஏக்கர் நஞ்சையை ஈடு வச்சிருதேன்" என்றார்.

மகள் பாளையங்கோட்டையில் பி.காம். முடித்து இரண்டு ஆண்டுகளாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. "படித்து முடித்தபின் என்ன செய்யப் போகிறாளாம்?" என்று கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்து, "அது அந்தக் காலேஜ்ல சொல்லுவாங்கல்லா சாமி?" என்றார்.

அந்தப் பதில் சில நாட்களாக என் மனதைவிட்டு அகலவில்லை. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் பங்கில் படித்த குடும்பங்களும் இதே கேள்வியைத்தான், சற்று அலங்காரமாக, கேட்கின்றன. எது பெரியது, எது முதலிடம், எதில் சம்பளம் அதிகம் என்பதையெல்லாம் கேட்கிறோம். எதற்காக என்று மட்டும் கேட்பதில்லை. நெல்லைச் சந்திப்பு பஸ் நிலையத்துக்கு வந்து, போக வேண்டிய ஊரைச் சொல்லாமல், எது நல்ல பஸ் என்று விசாரிக்கிறவனுக்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

அர்ச். இஞ்ஞாசியார் தமது ஞானப்பயிற்சி நூலில் இந்தத் தவற்றை எடுத்துக்காட்டுகிறார். மனிதர் பலர் முதலில் விவாகத்தையோ உத்தியோகத்தையோ முடிவு செய்துகொண்டு, பிறகு அதற்குள் நின்று கடவுளுக்கு ஊழியம் செய்வது எப்படி என்று யோசிக்கிறார்கள். வழியாக இருக்க வேண்டியது முடிவாகிவிடுகிறது. முடிவாக இருக்க வேண்டியது வழிக்குத் தக்கபடி வளைக்கப்படுகிறது. பெரிய காரியத்தில் நேரும் இந்தப் பிசகு, கல்லூரி தேடும் சிறிய காரியத்திலும் அப்படியே நேருகிறது.

"இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இலக்கு எங்கே தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்ன கம்பெனியில் இன்ன பதவி என்று தெரிய வேண்டியதில்லை. எந்த வேலையில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியவில்லை, எந்த ஜனங்களின் கஷ்டம் தன்னை உறுத்துகிறது என்ற இரண்டும் அந்த வயதிலேயே தெரியும். தெரியாவிட்டால், ஓரிரு ஆண்டு வேலை பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையிலேயே ஒன்றும் புலப்படாத பிள்ளைக்குப் பொது நிர்வாகம் கற்பிக்கும் ஐ.ஐ.எம். போன்ற இடம் ஏற்றதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1961இல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் தொடங்கிய அந்நிறுவனங்கள் இன்று பல ஊர்களில் உள்ளன. திருச்சியில் 2011 முதல் இருக்கிறது. ஆனால் இலக்கில்லாமல் அங்கே போகிற பிள்ளைக்கு இலக்கை யார் தீர்மானிக்கிறார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இலக்கு ஒருவாறு தெரிந்துவிட்டால், பெரிய கல்லூரி எது என்ற கேள்வியே உருமாறிவிடுகிறது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படித்த ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். விதை, உரம், நெல் கொள்முதல் இவற்றில் அவனுக்கு நாட்டமிருந்தால், ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் உணவு, வேளாண் வணிகத்துக்கென்றே தனி ஈராண்டுப் படிப்பு உண்டு. ஹைதராபாத்தில் மேனேஜ் என்னும் மத்திய அரசு நிறுவனம் வேளாண் பட்டதாரிகளுக்கென்றே ஒரு படிப்பு நடத்துகிறது. இந்தப் பெயரை நம் பக்கத்தில் பத்துப் பேர் கேள்விப்பட்டிருந்தால் அதிகம். அந்தப் பையனுக்கோ அதுவே பெரிய கல்லூரி. கூட்டுறவுச் சங்கம், பால் பண்ணை, கிராமக் கடன் இவற்றில் மனம் போகிறவர்களுக்குக் குஜராத்தில் ஆனந்த் என்ற ஊர் இருக்கிறது. பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன் 1979இல் அங்கே இர்மா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2025இல் பாராளுமன்றச் சட்டப்படி அது கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக்கப்பட்டது. வேளாண்மை படிக்காத பட்டதாரிகளும் அங்கே சேரலாம்.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்கிறேன். பாபநாசம் அருவி நீரின் விசையை நம்பி 1880களில் எழுந்த ஹார்வி மில் அங்கே மூன்று நான்கு தலைமுறைக்குச் சோறு போட்டது. ஷிப்டு, சங்கம், வேலைநிறுத்தம், போனஸ் எல்லாம் அந்த வீடுகளில் குழந்தைகளின் காதில் விழுந்த பேச்சு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். 1949இல், நம் தாழையூத்தில் சிமெண்டு ஆலை ஓடத் தொடங்கிய அதே ஆண்டில், சேசுசபைக் குருவான குவின் என்ரைட் அதைத் தொடங்கினார். ஐ.ஐ.எம்.களுக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தது. தொழிலாளர் உறவு என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. மனிதவள நிர்வாகத்துக்கு இன்றும் அங்கே தனிப் படிப்பு உண்டு. எக்ஸ்.ஏ.டி. என்னும் அதன் நுழைவுத் தேர்வில், கணக்கும் ஆங்கிலமும் போக, ஒரு சங்கடமான நிலைமையைக் கொடுத்து நீ என்ன முடிவு செய்வாய் என்று கேட்கும் பகுதி ஒன்று இருக்கிறது. மில் வீட்டுப் பிள்ளைக்கு அது புதிய பாடமல்ல. (சென்னை லயோலாவில் 1979இல் தொடங்கிய லிபாவும் சேசுசபையாருடையதே. அவர்கள் நடத்துகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே சேர்க்கும்படி நான் சொல்லவில்லை. அந்த யோசனையும் ஊரைச் சொல்லாமல் பஸ் ஏறுவதுதான்.)

கடையை எடுத்து நடத்தப்போகிற பிள்ளையின் நிலைமை வேறு. வேலை தேடித் தருவதில் பேர்போன கல்லூரி அவனுக்கு எதற்கு? குடும்பத் தொழிலுக்கென்றே மும்பையில் எஸ்.பி. ஜெயின் நிறுவனம் போன்ற சில இடங்களில் விட்டுவிட்டு வகுப்பு நடத்துகிறார்கள். இடையில் கடைக்குத் திரும்பி வந்து படித்ததைப் பரீட்சித்துப் பார்க்கலாம். குடும்ப பாரத்தைச் சுமந்துகொண்டு இங்கேயே பதவி உயர்வை நாடுகிறவர்களுக்கு அபிஷேகப்பட்டியில் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டுச் சோற்றோடு படிக்கலாம். தமிழகக் கல்லூரிகள் பலவற்றுக்கு டான்செட் தேர்வு போதும்.

இனிப் பிள்ளையின் பின்னணி. இதில் நான் கண்டு வருந்திய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பலசரக்குக் கடைக்காரரின் மகன் நேர்முகத் தேர்வுக்குத் தயாரித்த தாளைத் திருத்தித் தரும்படி கொண்டுவந்தான். தகப்பனார் தொழில் என்ற இடத்தில், சில்லறை வணிகத் துறையில் தொழில்முனைவோர் என்றிருந்தது. கீழே, அவன் ஒருநாளும் செய்யாத சமூக சேவை ஒன்று, யாரோ சொல்லிக் கொடுத்த அழகிய ஆங்கிலத்தில். நான் தாளை மூடிவைத்து, "உங்கள் கடையில் கடனுக்குச் சாமான் கொடுப்பது யார் பொறுப்பு?" என்று கேட்டேன். பிளஸ் டூ நாளிலிருந்து பற்று நோட்டு அவன் கையில்தானாம். யாருக்கு எவ்வளவு விடலாம், பீடிக் கூலி வருகிற நாள் எது, கேட்காமலே திருப்பித் தருகிற வீடு எது, மழைக்காலத்தில் யாரைக் கேட்கக் கூடாது என்று அரை மணி நேரம் பேசினான். பாங்கு அதிகாரிகள் பயிற்சியெடுத்துக் கற்கிற விஷயம் அது. தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தகப்பனாரின் தொழிலை மறைப்பது நான்காம் கற்பனையையும், செய்யாத சேவையை எழுதுவது எட்டாம் கற்பனையையும் சேர்ந்தது. அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. காரியத்துக்கும் அது உதவாது. நேர்முகத்தில் இருப்பவர்கள் ஒரு கேள்வியோடு விடுவதில்லை. மூன்றாவது கேள்வியில் இரவல் கதை நூல் நூலாகப் பிரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. பின்னணியை மறைத்து இடம் பிடித்த பிள்ளை, இரண்டு ஆண்டும் மறைத்துக்கொண்டே வாழவேண்டும். தன்னைக் காட்டிக்கொள்ள முடியாத இடம் எப்படிப் பொருந்திய இடமாகும்?

மதிப்பெண் விஷயத்திலும் பெற்றோர் மிரள்கிறார்கள். கேட் தேர்வில் 95 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மார்க்கு என்று எண்ணிவிட வேண்டாம். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் பின்னால் நிற்கிறார்கள் என்பதே பொருள். பத்தாம் வகுப்பு முதல் வாங்கிய மார்க்கும், வேலை அனுபவமும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வகுப்புகளில் என்ஜினீயர்களே நிறைந்திருப்பதால், கலை, வணிகம் படித்தவர்களுக்கும் பெண்களுக்கும் சில ஐ.ஐ.எம்.கள் சற்று முன்னுரிமை தருகின்றன. பி.காம். படித்தது ஒரு குறை என்று அந்தப் பெண் நினைத்திருந்தாள், பாவம்.

இப்போது அந்த மஞ்சள் பைக்கு வருவோம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நமது ஆண்டவர் சொன்ன உவமையை லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தில் கேட்டிருக்கிறீர்கள். நாமும் உட்காருவோம். பேர்பெற்ற நிறுவனங்களில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. 20 லட்சத்தை நூற்றுக்குப் பத்து வட்டியில், பத்து ஆண்டில் அடைப்பதானால், மாதத் தவணை ஏறக்குறைய 26,400 ரூபாய். மொத்தம் 31 லட்சத்துக்கு மேல். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்கமாட்டார்கள் என்றாலும், வட்டி தூங்குவதில்லை. பாங்குகள் பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்கும். 2024இல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிலுள்ள கல்லூரிகளுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. நிலப் பத்திரத்தைத் தூக்குமுன், பிள்ளை சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

இலக்கில்லாத பிள்ளைக்கு இலக்கை யார் தீர்மானிக்கிறார் என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். கடன் தீர்மானிக்கிறது. கிராமத்துக்கு உழைக்கும் எண்ணத்தோடு போன பிள்ளைகூட, 26,400 ரூபாயை நினைத்து, அதிகம் தருகிற கம்பெனியில் கையெழுத்திடுகிறது. கம்பெனி வேலை பாவமல்ல. எதற்காகப் படிக்கப் போனாளோ அதையே படிப்பின் செலவு அழித்துவிடுகிறது என்பதுதான் வருத்தம். ஆகவே கட்டணத்தைக் கேட்கும்போதே, இந்த இலக்கில் ஆரம்பச் சம்பளம் என்ன, அதில் தவணை போக மிச்சம் என்ன என்று கேளுங்கள். விளம்பரத்திலுள்ள உச்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்களையெல்லாம் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவன் வாங்குவது என்ன என்று கேளுங்கள். பதில் சொல்ல மழுப்புகிற கல்லூரியைத் தாண்டிப் போய்விடுங்கள். பல்கலைக்கழக இணைப்போ ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரமோ இல்லாத இடத்தின் வாசலையே மிதிக்க வேண்டாம்.

காலம் கடந்துவிட்டதே என்று பதறுகிற பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. இஞ்ஞாசியார் 1524இல், முப்பத்து மூன்று வயதில், பார்சலோனாவில் சிறுவர்களோடு லத்தீன் கற்க உட்கார்ந்தார். பிறகு அல்காலாவில் தர்க்கம், இயற்கை சாஸ்திரம், வேத சாஸ்திரம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அள்ளிப் பார்த்து ஒன்றும் நிலைக்கவில்லை. 1528இல் பாரிசுக்குப் போய், மீண்டும் இலக்கணத்திலிருந்தே தொடங்கினார். கொண்டுபோன பணத்தை ஒருவனிடம் கொடுத்துவைக்க, அவன் செலவழித்துவிட்டான். இலவச விடுதி கல்லூரிக்குத் தூரமாகையால் பாட நேரம் தவறிற்று. ஆண்டுதோறும் பிளாண்டர்ஸ் தேசத்துக்குப் போய்ப் பிச்சையெடுத்துப் படித்தார். கட்டணமும் விடுதியும் அவரையும் விட்டுவைக்கவில்லை. பின்பு அவருக்கு அறைத்தோழராக வாய்த்த சவேரியார்தான் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் தகப்பனாருடன் வந்தாள். அதே ஞானப்பயிற்சி நூலில் உள்ள ஓர் உபாயத்தைச் செய்து பார்த்தோம். முன்பின் தெரியாத ஒருவர், அவருக்கு நன்மையே வர வேண்டுமென்று விரும்புகிறோம். அவருக்கு என்ன யோசனை சொல்வோமோ அதையே நாமும் செய்வது. "சேரன்மகாதேவியிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். உன் மார்க்கு, உன் வேலை, உன் வீட்டைப்போலவே இரண்டு ஏக்கர். என்ன சொல்வாய்?" என்றேன்.

வெகுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு, ஆடிட்டர் அலுவலகத்தில் தனக்குப் பிடித்தது அரிசி ஆலைக் கணக்குகள்தான் என்றாள். விளைவிக்கிறவருக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று பார்க்கும்போது அப்பா நினைப்பு வரும் என்றாள். "அந்தப் பொண்ணுகிட்ட, ஒரு வருஷம் இன்னும் வேலை பாரு, ஆனந்த்துக்கும் எழுது, ஐ.ஐ.எம்.முக்கும் எழுது, நிலத்தை மட்டும் வைக்காதேன்னு சொல்லுவேன் சாமி" என்றாள்.

தகப்பனாருக்கு முழுத் திருப்தியில்லை. ஆனந்த் எந்த ஜில்லா என்று கேட்டார். மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிசானத்துக்கு நாற்றுப் பாவ வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார்.

இதேபோன்ற யோசனையில் இருக்கும் குடும்பங்கள் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் என்னை வந்து பார்க்கலாம். மார்க்குப் பட்டியலையும் கல்லூரிகளின் கட்டண விவரத்தையும் கொண்டுவாருங்கள். நிலப் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.