பர்ளு கிபாயாவும் ஓர் ஆங்கில வாத்தியாரும்

வெளிநாட்டுக்குப் படிப்பிக்கப் போவது ஹலாலா, ஹராமா என்று எவரும் கேட்பதில்லை. அதில் சந்தேகத்துக்கு இடமுமில்லை. என்னிடம் கேட்கப்பட்டது வேறொரு கேள்வி.

2022 ஓகஸ்டில் ஒருநாள் அஸருக்குப் பிறகு நானும் என் பழைய மாணவன் ஒருவனும் ஒலுவில் துறைமுகத்தின் கல்லணைப் பக்கம் போயிருந்தோம். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. இருவரும் சைக்கிளில்தான் வந்திருந்தோம். அவனும் இப்போது ஆசிரியன். அயலூர்ப் பாடசாலையொன்றின் ஒரேயொரு ஆங்கில வாத்தியார். அந்த வருடம் ஜூன் மாதத்தில்தான், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுத்து வெளிநாட்டில் வேலை செய்யலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. மாலைதீவில் ஒரு தீவுப் பாடசாலையில் அவனுக்கு வேலை சரிவந்திருந்தது.

"சேர், நான் போறது பிழையா?"

"ஊட்ட என்ன சொல்றாங்க?"

"ஊட்ட போகத்தான் சொல்றாங்க. புள்ளயள்தான் சேர். பத்தாம் வகுப்புல மட்டும் முப்பத்தெட்டுப் பேர்."

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நானும் போய் வந்தவன். 2009 இல் போய் 2011 இல் திரும்பினேன். அதே நாடு, வேறொரு தீவு.

மாலைதீவுக்கும் நமது வாத்திமாருக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1960களின் தொடக்கத்தில் மாலே நகரில் ஆங்கிலமொழிமூலக் கல்வி தொடங்கிய நாளிலிருந்தே இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் இருந்த தீவில் என்னோடு தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் கன்னியாகுமரி மாவட்டத்து ஆசிரியர் ஒருவர். பாங்கு ஊரில் கேட்ட அதே பாங்கு. கடலும் கிட்டத்தட்ட அதே கடல். ஆனால் வகுப்பறை வேறு. அங்கே கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலேயே நடந்தன. பிள்ளைகள் என்னிடம் ஆங்கிலத்திலேயே சண்டை பிடித்தார்கள். அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை உறைத்தது. ஊரில் அத்தனை வருடமும் நான் ஆங்கிலத்தைத் தமிழில் படிப்பித்திருக்கிறேன். கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் வாய் திறக்காத மொழி, அந்தத் தீவில் ஆறு மாதத்தில் திறந்தது. சல்லிக்காகப் போனேன் என்பது உண்மை. நல்ல வாத்தியாராகத் திரும்பினேன் என்பதும் உண்மை. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

வெட்கப்படுவது வேறொன்றுக்கு. நான் விட்டுப்போன வகுப்புக்கு அந்த இரண்டு வருடமும் ஆங்கில ஆசிரியர் வரவில்லை. சாதாரணதரப் பரீட்சையில் ஆங்கிலம் அவர்களுக்குக் கைகூடவில்லை. அதிலொருவன் சில வருடங்களின் பின் கட்டாருக்குச் சாரதியாகப் போவதற்கு ஒரு படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தான். "சேர், இத நிரப்பித் தாங்க" என்றான். நிரப்பிக் கொடுத்தேன். தேநீர் குடித்துவிட்டுப் போனான். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவுமில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

நிய்யத் பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். ஹிஜ்ரத் போனவர் எதை நாடிப் போனாரோ அதுவே அவருக்கு. என் விடயத்தில் அந்த ஹதீஸ் என்னைக் குற்றவாளியாக்கவுமில்லை, விடுவிக்கவுமில்லை. வீடு கட்டவும் தங்கைக்குச் சீதனம் சேர்க்கவும் போனவன் நான். (சீதனம் சரியா என்பது இன்னொரு கட்டுரைக்கு உரியது. அதை எழுதும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.) ஆகவே நிய்யத்தை விட்டு, கடமையின் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன்.

ஜனாஸாத் தொழுகையை நாலுபேர் தொழுதுவிட்டால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கிவிடுகிறது. எவரும் தொழாவிட்டால் ஊரே குற்றவாளி. பர்ளு கிபாயாவுக்கு உதாரணமாக மதறசாவில் நமக்குச் சொல்லித் தந்தது இதைத்தான். ஆனால் அது ஜனாஸாவோடு முடிவதில்லை. ஊருக்குத் தேவையான வைத்தியமும் கணக்கும் கைத்தொழிலும் அதில் அடங்கும் என்பது இமாம் கஸ்ஸாலியின் கருத்து. எல்லோரும் பிக்ஹு படிக்கவே முண்டியடிக்கிறார்கள், எத்தனையோ ஊர்களில் ஒரு முஸ்லிம் வைத்தியர்கூட இல்லை என்று இஹ்யாவில் அவர் மனம் நொந்திருக்கிறார். ஒன்பது நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. வைத்தியர் இருந்த இடத்தில் ஆங்கில வாத்தியாரை வைத்துப் பார்க்கலாம்.

அதே சட்டத்தில் இன்னொரு வாசலும் உண்டு. அந்தக் காரியத்தைச் செய்யக்கூடியவர் ஊரில் ஒரேயொருவர்தான் என்றால், பர்ளு கிபாயா அவர்மீது பர்ளு ஐனாக மாறிவிடுகிறது. என் மாணவனின் பயம் இதுதான். பெயர் தெரியாவிட்டாலும் விடயம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் மனைவி, பிள்ளைகள், வயதான உம்மா ஆகியோரைப் பராமரிப்பதும் அவன்மீதான பர்ளு ஐன்தான். அந்த வருடத்து அரிசி விலையில் ஆசிரியர் சம்பளம் எத்தனை நாளைக்குக் காணும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தனிமனிதன்மீது இரண்டு கடமைகள் மோதும்போது அவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமா? நமது ஊர்களிலிருந்து எத்தனையோ தாய்மார் கைக்குழந்தையை விட்டுவிட்டுச் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போனார்கள். அவர்களைத் தூற்றிய ஊர், அவர்கள் அனுப்பிய காசில் பள்ளிவாசலுக்கு நன்கொடை வாங்கத் தயங்கவில்லை. வாத்தியார் போகும்போது மட்டும் 'சமூகத் துரோகம்' என்ற பெரிய சொல் வருகிறது.

நாங்கள் நின்ற இடமும் எனக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. மர்ஹூம் அஷ்ரப் கண்ட கனவு இந்தத் துறைமுகம். டென்மார்க் கடனில் 2008 இல் வேலை தொடங்கி 2013 செப்டம்பரில் திறந்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே கரையோடு போகும் மணலைக் கல்லணை மறித்தது. தென்பக்கம் மணல் மேடுதட்டியது. வாயிலும் மணலால் அடைபட்டது. வடபக்கத்தில் கடல் தென்னந்தோப்புகளைத் தின்று, தோணி இழுத்து வைக்கவும் கரையில்லாமல் செய்துவிட்டது.

"நாமளும் இந்த மணல் மாதிரித்தான் சேர். ஒரு பக்கம் சேர, மத்தப் பக்கம் கரையிது" என்றான்.

உவமை அழகாகத்தான் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மணல் தானாக எங்கும் தங்குவதில்லை. அணையைக் கட்டியவர்கள் மனிதர்கள். அணை கட்டினால், மறிபட்ட மணலை அள்ளி அந்தப் பக்கம் போடவேண்டியதும் கட்டியவர்களின் வேலைதான். மணலைப் பிடித்து ஏசிப் பயனில்லை.

"நீ போ மனெ" என்றேன். "ஆனா அந்த முப்பத்தெட்டுப் பேரட பேர எனக்கு எழுதித் தந்துட்டுப் போ."

எழுதித் தந்துவிட்டுத்தான் போனான். அந்தப் பட்டியலோடு அவனது ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் போய்ச் சந்தித்தேன். வலயத்திலிருந்து ஆள் வரும்வரை ஒரு தொண்டர் ஆசிரியரை வைத்து ஊரே சம்பளம் கொடுக்க முடியாதா என்று கேட்டேன். அது அரசாங்கத்தின் வேலை என்றார் ஒருவர். போனவனிடமே கேளுங்கள், இப்போது டொலரில் உழைக்கிறான்தானே என்றார் இன்னொருவர். மினாராவுக்கு வெள்ளையடிப்பது பற்றிய பேச்சு தொடர்ந்தது. நான் எழும்பி வாசலுக்கு வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு மூலையில் பேசாமல் இருந்த கரைவலைக்காரப் பெரியவர் ஒருவர் பின்னாலேயே வந்தார்.

"வாத்தியார், அந்த ஆளுக்கு மாசம் எவ்வளவு வேணும்?"

என்னிடம் கணக்கு இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.